மான்செஸ்டருக்கு ஒரு கண், சென்னைக்கு ஒரு கண். சிவசங்கரியைப் பார்ப்பது யார்?

கிள்ளான், பண்டமாரானில் உள்ள பாயுமாஸ் ஓவல் திடலில் 2025ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் தேதி மலேசியாவும் இந்தியாவும் மோதின. அது 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான டி20 உலகக் கிண்ணப் போட்டி. மலேசியப் பெண்கள் 31 ஓட்டங்களில் சுருண்டனர். முதல் ஆட்டத்திலேயே ஹாட்ரிக் எடுத்த வைஷ்ணவி சர்மா வெறும் 5 ஓட்டங்கள் கொடுத்து 5 விக்கெட்டுகளைச் சாய்த்தார். இந்தியா 3 ஓவர்கூட ஆடாமல் வெற்றி பெற்றது.

அதே திடலில் அரையிறுதியில் இங்கிலாந்தை எதிர்த்து 56 ஓட்டங்கள் குவித்து ஆட்டமிழக்காமல் நின்றவர் மதுரைப் பெண் ஜி. கமலினி. பிப்ரவரி 2ஆம் தேதி நடந்த இறுதியாட்டத்தில் தென்னாப்பிரிக்காவை 82 ஓட்டங்களில் மடக்கிய இந்தியா, 9 விக்கெட் வித்தியாசத்தில் கிண்ணத்தை வென்றது. உலகக் கிண்ண இறுதியாட்டம், அதுவும் கிள்ளானில்! இன்றும் கிள்ளான்காரர்கள் சிலரிடம் இதைச் சொன்னால், "இங்கயா நடந்துச்சு?" என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

ஜாலான் தெங்கு கிளானாவிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் ஐபிஎல் பருவத்தில் மஞ்சள் சட்டைக்குப் பஞ்சமில்லை. சென்னை சூப்பர் கிங்ஸ் 5 முறை கிண்ணம் வென்ற அணி. அந்தப் பாசத்தைக் குறை சொல்ல முடியாது. 2025இல் புள்ளிப் பட்டியலில் கடைசி இடத்துக்குப் போனபோதும் இங்குள்ள ரசிகர்கள் கைவிடவில்லை. இங்கிலீஷ் பிரிமியர் லீக் ரசிகர்கள் இன்னும் ஒரு படி மேல். தோட்டத்து லயத்தில் வளர்ந்து இப்போது தாமானில் வீடு வாங்கியிருக்கும் அப்பாவுக்கு மான்செஸ்டர் யுனைடெட், மகனுக்கு லிவர்பூல். மாமாக் கடையில் தே தாரிக்கோடு நள்ளிரவு வரை நடக்கும் சண்டையில் இருவருமே அந்த ஊர்களைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள்.

இதெல்லாம் பொழுதுபோக்குதானே என்று விட்டுவிடலாம். ஆனால், வீட்டுத் தொலைக்காட்சியில் எது ஓடுகிறதோ அதைத்தான் பிள்ளை விளையாட ஆசைப்படுகிறது. அந்தக் காற்பந்துக் கனவுக்கு இந்த நாட்டில் என்ன வழி இருக்கிறது, வேறு எந்த விளையாட்டில் இந்தியப் பிள்ளைகள் உண்மையில் உலக மேடையை எட்டியிருக்கிறார்கள் என்ற கணக்கைப் பல பெற்றோர் போட்டுப் பார்ப்பதில்லை. கார் வாங்கும்போது நான்கு கடை ஏறி இறங்குகிறோம். பிள்ளையின் பத்து வருட மாலை நேரத்தை எதில் செலவிடுவது என்பதற்கு அந்த ஒப்பீடுகூட நடப்பதில்லை.

தேய்ந்துபோன காற்பந்து ஏணி

காற்பந்தில் தமிழர்களுக்குப் பெருமைப்பட நிறையவே இருக்கிறது. 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கொண்டாடிய கோல் காவலர் ஆர். ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் இறந்தார். இன்றும் பெரியவர்கள் அவர் பெயரைச் சொன்னால் குரல் மாறுகிறது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கு மலேசியக் காற்பந்து அணி தகுதி பெற்ற காலம் அது. அரசியல் புறக்கணிப்பால் அணி போகவில்லை. பின்னர் கே. ராஜகோபால் பயிற்றுநராக இருந்து 2009 சீ விளையாட்டுப் போட்டித் தங்கத்தையும், 2010 ஆசியான் கிண்ணத்தையும் வாங்கிக் கொடுத்தார். எஸ். குணாளன், கே. குருசாமி ஆகியோர் ஆடிய காலம்.

அதற்குப் பிறகு என்ன ஆனது என்று பார்த்தால் ஒரு கதையே போதும். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் முயற்சியில் உருவான குழு, 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் ஆடியது. 2021 பருவத்தில் மற்றக் குழுக்கள் வெளிநாட்டு ஆட்டக்காரர்களை வாங்கிக் குவித்தபோது, பி. மணியத்தின் பயிற்சியில் உள்ளூர்க்காரர்களை மட்டுமே வைத்து ஆடிய குழு அது. இந்திய இளைஞர்களுக்கு உயர்மட்ட லீக்கில் கதவு திறந்து வைத்த அந்தக் குழு 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது. சொந்த மண்ணில் சொந்தப் பிள்ளைகள் ஆடிய அந்த நான்கு பருவங்களில், மாமாக் கடையில் மான்செஸ்டருக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்களில் எத்தனை பேர் ஒரே ஒரு முறையாவது எம்பிபிஜே அரங்குக்குப் போனார்கள்? ரசிகர்கள் வந்திருந்தால் குழு நிலைத்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஒரு குழுவை நடத்தும் செலவை நுழைவுச் சீட்டுப் பணம் மட்டும் தாங்காது. ஆனால் நிறைந்த அரங்கை விட்டுப் போவதற்கு எந்த ஆதரவாளரும் இரண்டு முறை யோசிப்பார்.

லீக்கின் நிலைமையும் நன்றாக இல்லை. ஜொகூர் டாருல் தாக்ஸிம் 2014 முதல் 2024-25 பருவம் வரை தொடர்ந்து 11 முறை லீக் பட்டத்தை வென்றது. மறுபக்கம், 2025-26 பருவம் தொடங்குவதற்கு முன்பே பேராக், ஸ்ரீ பகாங், கெடா ஆகிய பழம்பெரும் பெயர்கள் சூப்பர் லீக்கிலிருந்து காணாமல் போயின. சம்பளப் பாக்கிச் செய்தி வராத பருவமே இல்லை என்றாகிவிட்டது. இதற்கு மேல், 2025 செப்டம்பரில் ஆவண மோசடி தொடர்பில் தேசிய அணியில் ஆடிய வெளிநாட்டில் பிறந்த 7 ஆட்டக்காரர்களுக்கு ஃபிஃபா தடை விதித்து, மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு அபராதமும் போட்டது. உள்ளூர்ப் பிள்ளை ஒருவன் அந்த இடத்துக்கு எப்படி ஏறுவது என்ற கேள்விக்கு இதைவிடக் கசப்பான பதில் இருக்க முடியாது.

பிள்ளை காற்பந்து ஆடக்கூடாது என்பதல்ல. ஆடட்டும், ஒரு பந்தும் ஒரு திடலும் போதும், செலவு குறைவு, உடம்புக்கும் நல்லது. அதை ஒரு தொழிலாக நம்பிப் பள்ளிப் படிப்பைப் பாதியில் விடுவதுதான் ஆபத்து.

மூன்று பெண்கள், மூன்று கணக்கு

ஹாங்சோவில் 2023இல் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியா வென்றது மொத்தம் 6 தங்கம். அதில் ஸ்குவாஷ் பெண்கள் தனிநபர் தங்கம் எஸ். சிவசங்கரிக்கு, ஸ்குவாஷ் பெண்கள் குழுத் தங்கத்திலும் அவருக்குப் பங்குண்டு. கராத்தே 50 கிலோ பிரிவுத் தங்கம் சி. ஷாமளாராணிக்கு. நாட்டின் 6 தங்கத்தில் மூன்றில் தமிழ்ப் பெண்களின் கை இருந்தது. மக்கள்தொகையில் இந்தியர்களின் பங்கை நினைத்துப் பார்த்தால் இது சாதாரண விஷயமல்ல.

பூப்பந்தில் எம். தீனா, பெர்லி டானுடன் சேர்ந்து 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 2025 உலக வெற்றியாளர் போட்டியில் வெள்ளிப் பதக்கம். அந்தப் போட்டியின் பெண்கள் இரட்டையர் இறுதியாட்டத்துக்கு மலேசிய இணை ஒன்று போனது அதுவே முதல் முறை.

இவர்களில் யார் பெரியவர் என்று கேட்டால் பதில் கிடைக்காது. பதக்கத்தை மட்டும் எண்ணினால் தப்பான பதில்தான் கிடைக்கும். ஒவ்வொரு விளையாட்டின் தரையும் வேறு.

பூப்பந்து பெண்கள் இரட்டையரில் சீனா, கொரியா, ஜப்பான் என்று மூன்று வல்லரசுகளும் ஒவ்வொன்றும் பல இணைகளை இறக்குகின்றன. அங்கே நான்காம் இடம் என்பதே மலை ஏறுவதுபோல. "நாலாவதுதானே?" என்று பாரிஸுக்குப் பிறகு முகநூலில் எழுதியவர்கள் இதை யோசிக்கவில்லை. ஸ்குவாஷில் எகிப்தியர்கள்தான் மதில் சுவர். 2022 ஜூனில் நெடுஞ்சாலை விபத்தில் முகத்திலும் முதுகெலும்பிலும் முறிவு ஏற்பட்டு, அந்த ஆண்டு காமன்வெல்த் போட்டியையே தவறவிட்ட சிவசங்கரி, மீண்டு வந்து ஆசியத் தங்கம் வென்றார். 2024 ஏப்ரலில் லண்டன் ஸ்குவாஷ் கிளாசிக் போட்டியில் முன்னணி எகிப்திய வீராங்கனைகளைத் தாண்டி வெற்றியாளரானார். உலகின் முதல் 10 பேரில் ஒருவராகவும் உயர்ந்தார். ஒரு தமிழ்ப் படத்துக்குத் தேவையான எல்லாமே இதில் இருக்கிறது. ஆனாலும் அவர் முகத்தைச் சட்டையில் போட்டுக்கொண்டு யாரும் பிரிக்ஃபீல்ட்ஸில் நடப்பதில்லை.

ஷாமளாராணியின் கணக்கு வேறு மாதிரி. ஆசிய விளையாட்டுப் போட்டித் தங்கம் என்பது கராத்தேக்காரர்களுக்கு ஏறக்குறைய உச்சிப் படி. காரணம், கராத்தே ஒலிம்பிக்கில் இருந்தது தோக்கியோவில் மட்டும். பாரிஸில் இல்லை, 2028 லாஸ் ஏஞ்சல்ஸிலும் இல்லை. அரசாங்கத்தின் வெற்றிப் பரிசுத் திட்டத்தில் ஒலிம்பிக் தங்கத்துக்கு 10 லட்சம் ரிங்கிட்டும் மாதம் 5,000 ரிங்கிட் ஓய்வூதியமும் உண்டு. வெள்ளிக்கு 3,000, வெண்கலத்துக்கு 2,000 என்று மாதாமாதம் வரும். ஆசியத் தங்கத்துக்கு ஒருமுறை தரும் 80,000 ரிங்கிட்தான். ஒரே அளவு வியர்வை சிந்தினாலும், தேர்ந்தெடுத்த விளையாட்டைப் பொறுத்து வாழ்நாள் பாதுகாப்பு மாறுகிறது. நியாயமா என்றால் இல்லை. ஆனால் தோட்டப்புறத்திலும் அடுக்குமாடியிலும் தெருவுக்குத் தெரு கராத்தே வகுப்பு இருக்கும் சமூகத்தில், பெற்றோருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்குவாஷ் இந்த விஷயத்தில் எதிர்த் திசையில் போகிறது. 108 மாதங்கள் தொடர்ந்து உலகின் முதல் நிலையில் இருந்து, 8 முறை உலக வெற்றியாளரான டத்தோ நிக்கோல் டேவிட்டுக்குக் கிடைக்காத ஒரே மேடை ஒலிம்பிக். 2013இல் அவரே அனைத்துலக ஒலிம்பிக் மன்றத்தின் முன் போய் வாதாடினார். இடம் மல்யுத்தத்துக்குப் போனது. 2023 அக்டோபரில்தான் மும்பையில் கூடிய அந்த மன்றம், 2028இல் ஸ்குவாஷுக்கு இடம் உண்டு என்று முடிவெடுத்தது. சிவசங்கரி ஹாங்சோவில் தங்கம் வென்று இரண்டு வாரம்கூட ஆகவில்லை. "நிக்கோல் மாதிரி வருவாரா?" என்று கேட்பதில் அர்த்தமில்லை. நிக்கோலுக்கு இல்லாத ஒரு வாய்ப்பு இவருக்கு இருக்கிறது, நிக்கோலுக்கு இருந்த ஆதிக்கம் இவருக்கு இன்னும் வரவில்லை.

படிப்பா, விளையாட்டா என்ற பழைய சண்டை

"விளையாட்டு சோறு போடுமா?" என்று கேட்காத தமிழ் வீடு குறைவு. தோட்டத்தை விட்டுப் பட்டணம் வந்த தலைமுறைக்குப் படிப்பு ஒன்றே ஏணியாக இருந்ததால் அந்தக் கேள்வி வந்தது. அதைக் கேலி செய்ய முடியாது. ஆனால் கேள்வியை இரண்டில் ஒன்று என்று வைப்பதுதான் பிழை.

டான்ஸ்ரீ டாக்டர் எம். ஜெகதீசன் 1966 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 மீட்டர் என மூன்று தங்கம் வென்றவர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் அரையிறுதி வரை போய் அவர் ஓடிய 20.92 விநாடி, 2017 வரை 49 ஆண்டுகள் தேசியச் சாதனையாக நின்றது. மருத்துவமும் படித்தார், 'பறக்கும் டாக்டர்' என்ற பட்டம் சும்மா வந்ததல்ல. அதே 1966இல் 400 மீட்டரில் தங்கம் வென்ற எம். ராஜமணி, அதற்கு முன்பே 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடியவர். இன்றைய பிள்ளைகளில் சிவசங்கரி அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே ஆடினார். 400 மீட்டர் தேசியச் சாதனையாளர் ஷெரின் சாம்சன் வல்லபோய் மினசோட்டாவிலுள்ள வினோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவருடைய அப்பா, அம்மா இருவருமே முன்னாள் தேசிய ஓட்டக்காரர்கள். இவர்களுக்கெல்லாம் விளையாட்டு படிப்பைத் தின்றுவிடவில்லை. கடல் கடந்த பல்கலைக்கழகக் கதவையே சிலருக்குத் திறந்தது.

அவ்வளவு உயரம் போகாத பிள்ளைக்கும் பலன் உண்டு. அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான யூபியு மதிப்பீட்டில் 90 விழுக்காடு தேர்வு மதிப்பெண்ணுக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. மாவட்டம், மாநிலம் என்று பிரதிநிதித்த சான்றிதழ் அந்தப் பத்தில் பேசும். ஒரு புள்ளியில் மருத்துவ இடம் போய்விட்டது என்று ஒவ்வோர் ஆண்டும் புலம்பும் சமூகம், அந்தப் பத்தை இலேசாக எடுத்துக்கொள்வதுதான் வியப்பு.

திடல்தட விளையாட்டுக்கு இன்னொரு பலம் இருக்கிறது. கடிகாரம் யார் பிள்ளை என்று பார்க்காது. தேர்வாளர், பயிற்றுநர், குழு நிர்வாகம் என்று பலர் மனம் வைக்க வேண்டிய குழு விளையாட்டுகளில் ஓரங்கட்டப்பட்டதாக மனக்குறை சொல்லும் பெற்றோர் உண்டு. ஓட்டத்திலும் தாண்டுவதிலும் அந்தச் சந்தேகத்துக்கு இடம் குறைவு. காலணி ஒன்று, அருகில் ஒரு பள்ளித் திடல், நேரத்துக்கு வரும் ஓர் ஆசிரியர் போதும். 1998 கோலாலம்பூர் காமன்வெல்த் போட்டியில் ஜி. சரவணன் தங்கம் வென்ற 50 கிலோமீட்டர் நடை, தோக்கியோவுக்குப் பின் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம். திடல்தடத்திலும் எந்தப் பிரிவு என்று பார்த்துத்தான் இறங்க வேண்டும்.

பூப்பந்து செலவு பிடிக்கும். இறகுப் பந்தின் விலை ஏறுவதை ஆடுகிறவர்கள் வீடு அறியும். போட்டியும் கடுமை, நாடு முழுக்க எல்லா இனத்துப் பிள்ளைகளும் அதில்தான். ஸ்குவாஷுக்குத் திடல் கிடைப்பதே சிரமம், ஆனால் வரிசை சிறியது. தோட்டப்புறத்துப் பிள்ளைக்கு ஸ்குவாஷ் எட்டாக்கனி என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஹாக்கியில் 1975 கோலாலம்பூர் உலகக் கிண்ணத்தில் என். ஸ்ரீ சண்முகநாதன் தலைமையில் நான்காம் இடம் வரை போனோம். அண்மைக் காலத்தில் கோல் காவலர் எஸ். குமார் 2010, 2018 என இரண்டு ஆசிய வெள்ளிப் பதக்கங்களோடு அந்த மரபைச் சுமந்தார். அதற்குப் பின்னால் வரிசை நீளமாக இல்லை.

கிள்ளானிலிருந்து ஒரு கொமுட்டர் தூரம்

ரசிகராக இருப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஐபிஎல் மாலை ஆட்டம் இந்தியாவில் ஏழரை மணி என்றால் இங்கே இரவு பத்து. முடிவதற்குள் மறுநாள் பிறந்துவிடும். ஐரோப்பிய ஆட்டங்கள் சில விடியற்காலை மூன்று மணிக்கு. மறுநாள் பள்ளிக்குப் போகும் பிள்ளையோடு சேர்ந்து பார்க்க இவை ஏற்றவையல்ல. கட்டணத் தொலைக்காட்சிச் சந்தாவும் மாதாமாதம் வரும் செலவு.

ஒவ்வொரு ஜனவரியிலும் புக்கிட் ஜாலில் அக்சியாத்தா அரங்கில் மலேசியப் பொது பூப்பந்துப் போட்டி நடக்கிறது. உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள் வருகிறார்கள். கிள்ளானிலிருந்து கேடிஎம் கொமுட்டரில் கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து மஸ்ஜிட் ஜாமேக், பிறகு ஸ்ரீ பெட்டாலிங் தடத்தில் புக்கிட் ஜாலில். நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். பிரிக்ஃபீல்ட்ஸ்காரர்களுக்கு இன்னும் சுலபம். விவரம் தெரிந்தவர்கள் இறுதியாட்ட நாளுக்கு அடித்துக்கொள்வதில்லை. முதல் இரண்டு நாள்களில் சீட்டு விலை குறைவு, ஒரே நேரத்தில் பல திடல்களில் ஆட்டம், காலை தொடங்கி இரவு வரை பார்க்கலாம், வெளியேறாத எல்லா நட்சத்திரங்களும் அன்று இருப்பார்கள். பூப்பந்து கற்கும் பிள்ளைக்கு ஒரு மாத வகுப்பைவிட அந்த ஒரு நாள் பெரிது.

காற்பந்துதான் வேண்டும் என்பவர்களுக்கு சிலாங்கூர் குழு பெட்டாலிங் ஜெயா எம்பிபிஜே அரங்கில் ஆடுகிறது, கோலாலம்பூர் சிட்டி செராஸில். 2021 மலேசியக் கிண்ண இறுதியில் ஜொகூரையே 2-0 என்று சாய்த்த குழு இது. 32 ஆண்டுக் காத்திருப்பு அது. அயல்நாட்டுக் குழுவின் ஒரிஜினல் சட்டை ஒன்றின் விலையில் குடும்பமே சில ஆட்டங்களுக்குப் போய்வரலாம்.

இதில் சேராத ஒரு வகை 'ரசிகர்' பெருகிவருவதையும் சொல்லாமல் விட முடியாது. யார் கோல் போடுவார், எத்தனை விக்கெட் விழும் என்று கைப்பேசியில் பந்தயம் கட்டுபவர்கள். 1953ஆம் ஆண்டு பந்தயச் சட்டத்தின்படி அது குற்றம் என்பது ஒரு பக்கம். ஆட்டத்தை ஆராய்ந்து கட்டுகிறேன் என்று தொடங்கிய பலர் வட்டிக்காரரிடம் போய் நின்றது கம்பத்திலும் தாமானிலும் தெரிந்த கதை. விளையாட்டுகளையும் ஆட்டக்காரர்களையும் ஒப்பிடுவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பிள்ளையை ஒரு வகுப்பில் சேர்க்கும் முன் பெற்றோர் பயிற்றுநரிடம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. இந்த விளையாட்டு சுக்மாவில் இருக்கிறதா, ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஒலிம்பிக்கில் இருக்கிறதா? மாவட்டத் தேர்வு எந்த மாதம், யார் நடத்துகிறார்கள்? இவரிடம் பழகிய பிள்ளைகளில் யாராவது மாநில அணிக்கோ புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளிக்கோ போயிருக்கிறார்களா? பட்டை வாங்கவும் சான்றிதழ் அச்சடிக்கவும் மட்டும் பணம் கேட்கும் வகுப்புகள் மூன்றாவது கேள்வியிலேயே தடுமாறிவிடும்.

2028 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸில் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் வளாகத்தில் ஸ்குவாஷ் முதல் முறையாக ஒலிம்பிக் விளையாட்டாக அரங்கேறும். அப்போது சிவசங்கரிக்கு 29 வயது. நேர வித்தியாசத்தால் சில ஆட்டங்கள் இங்கே நள்ளிரவிலும் விடியற்காலையிலும் வரும். மான்செஸ்டருக்காகக் கண் விழித்துப் பழகியவர்களுக்கு அது ஒன்றும் புதிதல்ல.